வலது விலாவுக்குக் கீழே

குடைக்கம்பியின் நுனியைக் குடலின் வாயில் வைத்து உள்ளே மடித்துவிட்டு, மற்றக் கையால் பின்னாலிருந்து நீவிக்கொண்டே வந்தால் போதும், ஜாக்கெட் கையைப் புரட்டுவது மாதிரி உள்பக்கம் முழுக்க வெளியே வந்துவிடும், வழவழவென்று, மஞ்சளும் பச்சையுமாக, நேற்றுவரைக்கும் அந்த ஆடு தின்ற தழையின் வாசனையோடு. இழுக்கக்கூடாது. இழுத்தால் கிழியும். கை தன்பாட்டுக்குச் செய்கிறது, எனக்கு வேலையே இல்லை, கண்ணை மூடிக்கொண்டாலும் செய்யும். பின்வாசல் குழாயடியில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் அலுமினியச் சட்டியில் வெந்நீர், ஒரு கிண்ணத்தில் கல் உப்பு, ஒரு வெற்றிலையில் சுண்ணாம்பு, மஞ்சள்தூள் பொட்டலம். மணி பத்து இருக்கும். வெயில் சுவரை விட்டு இறங்கி என் கால் கட்டைவிரலுக்கு வந்திருக்கிறது. வெயில் ஏறினால் குடல் நாறும், சீக்கிரம் முடி என்று அத்தை சொன்னார்கள். மாமாவுக்கு வயிற்றுப்புண், ஆட்டுக்குடல் தின்றால் வயிற்றுப்புண் ஆறும், அதனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குடல் வருகிறது, குடல் வந்தால் அது என் முன்னால் வைக்கப்படுகிறது. உனக்குத்தான் கைவந்த வேலையாச்சே என்று சொல்லித்தான் வைப்பார்கள். அதில் தப்பாக ஒன்றும் இல்லை. எங்கள் அப்பா கறிக்கடையில் உரிக்கிறவர், எங்கள் அம்மா அந்தக் கடைக்குடலைக் கழுவிக் கூறு வைத்து விற்றவள், நான் ஏழு வயதிலிருந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து குடல் புரட்டினவள். உண்மைதானே. ஆனால் அந்த “ஆச்சே” என்கிற இடத்தில் அத்தையின் உதடு கொஞ்சம் கோணும். ஒரு ஆட்டுக்கு எத்தனை முழம் குடல் இருக்கும் என்று சின்னப்பிள்ளையில் அளந்து பார்த்திருக்கிறேன், நாற்பது முழத்துக்கு மேல் எண்ணிக்கை மறந்துபோனது. என் பிள்ளைக்கு எத்தனை முழம் இருக்கும். எட்டு மாதம், அவள் நீளமே ஒன்றரை முழம்தான். அந்தச் சின்ன வயிற்றுக்குள் அது எப்படிச் சுருண்டு கிடக்கும், யார் மடித்து வைத்தது, ஒரு மடிப்பு மாறினால் யாருக்குத் தெரியும். இப்போது அழவில்லை. உள்ளே அத்தை மடியில் கிடக்கிறாள் மிதுனா. அழாத நேரம் இது. அடுத்தது வரும்.

வந்துவிட்டது. முதலில் ஒரு முனகல், பிறகு வீல் என்று, பாம்பைக் கண்ட மாதிரி. இப்போது காலை மடக்கி வயிற்றோடு சேர்த்திருப்பாள், முகம் வெள்ளையாகியிருக்கும், பார்க்காமலே தெரிகிறது. அவள் அழுத உடனே எனக்கு மார் கடுத்துக்கொண்டு பால் இறங்குகிறது, ஜாக்கெட் இரண்டு பக்கமும் வட்டமாக நனைகிறது, முந்தானையை இழுத்து மூட முடியாது, கையெல்லாம் குடல். நேற்று மத்தியானத்திலிருந்து பால் குடிக்கவில்லை அவள். வாயை வைப்பாள், இரண்டு இழுப்பு, பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்வாள், குடித்ததையும் கக்கிவிடுவாள். நேற்றுக் கக்கினது பாலாக இருந்தது. இன்று காலையில் கக்கினது பச்சையாக இருந்தது. பித்தப்பையைத் தெரியாமல் கீறிவிட்டால் ஈரல்மேல் ஒரு பச்சை ஒழுகுமே, விரலில் பட்டால் மூன்று நாளைக்குக் கசக்குமே, அந்தப் பச்சை. நான் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தை துணியால் துடைத்துவிட்டார்கள். “எல்லாம் குடலேத்தந்தான். உம்புருசன் போன வாரம் வந்தப்ப பிள்ளையத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பிடிச்சான்ல, நான் அப்பவே சொன்னேன். குடல் மேல ஏறி நிக்கிது. வெள்ளத்தாயி வந்து தடவி எறக்கிவிட்டா சரியாப் போகும்.” வெள்ளத்தாயி பெரியம்மா அடுத்த தெருக்காரர்கள், இந்தப் பக்கத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு வயிறு தடவினவர்கள், கெட்டவர்கள் இல்லை, காசு கேட்கமாட்டார்கள், வெற்றிலை பாக்கு வைத்தால் போதும். நேற்றுச் சாயங்காலம் வந்து விளக்கெண்ணெய் போட்டு விலாவிலிருந்து தொடைவரைக்கும் வழித்துவிட்டார்கள். துணியில் போட்டு உருட்டினார்கள், காலைப் பிடித்துத் தலைகீழாக ஒரு ஆட்டு ஆட்டினார்கள். பிள்ளை தூங்கினாள். பார்த்தியா என்றார்கள் அத்தை. கால்மணி நேரம் தூங்கினாள். பிறகு எழுந்து அழுதாள். பிறகு தூங்கினாள். இரவெல்லாம் இப்படியே அலை மாதிரி. அலைக்கு நடுவில் நன்றாகத்தான் இருக்கிறாள், அதுதான் எல்லாரையும் ஏமாற்றுகிறது, என் தாலிக்கயிற்றைப் பிடித்து வாயில் வைக்கிறாள்கூட. இப்போது அடங்கிவிட்டது. தண்ணீரை ஊற்றுகிறேன். புனல் வைத்து ஊற்றினால் குடல் பாம்புமாதிரி எழுந்து ஓடும்.

இந்தக் குழாய்க்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு பிளாஸ்டிக் வாளி இருக்கிறது. அதில் ஒரு துணி ஊறுகிறது. அதைப் பற்றி நினைக்க வேண்டாம். காலையில் ஆறு மணிக்குப் பிள்ளைக்குத் துணி மாற்றும்போது அது சிவப்பாக இருந்தது. பீட்ரூட். பீட்ரூட்தான், நான் கொடுத்தேனே, வெள்ளிக்கிழமை. தடுப்பூசி போடப் போனபோது அந்த நர்ஸம்மா சொன்னது, ஆறு மாசம் முடிஞ்சா காய்கறி மசிச்சுக் குடும்மா என்று, அத்தைக்குத் தெரிந்தால் திட்டுவார்கள், இந்த வீட்டில் வருசம் திரும்புகிறவரைக்கும் பிள்ளைக்கு ராகிக்கூழ் தவிர வேறு கிடையாது, அதனால் அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அரைப் பீட்ரூட்டை வேகவைத்து மசித்து நாலு வாய் கொடுத்தேன். உதடெல்லாம் சிவந்து சிரித்தாள். அத்தை வருவதற்குள் வாயைத் துடைத்துக் கிண்ணத்தைக் கழுவித் தோலைக் குப்பையில் அடியில் போட்டேன். களவாணி மாதிரி. அந்தச் சிவப்புத்தான் துணியில் வந்தது. வெள்ளிக்கிழமை கொடுத்தது ஞாயிற்றுக்கிழமை வருமா, வரலாம், யார் கண்டது. ஆனால் பீட்ரூட் தண்ணீரில் போட்டால் கரைந்து ஓடும். இது ஓடவில்லை. விரலால் தொட்டுப் பார்த்தேன். செம்பருத்திப் பூவைக் கல்லில் வைத்துக் கசக்கினால் ஒரு கொழகொழப்பு வருமே, நூலாக இழுக்குமே, அப்படி இருந்தது. மலம் இல்லை. சளியும் ரத்தமும். பதினைந்து வருசமாக ரத்தம் கழுவின விரல் இது, இதற்கு எது பீட்ரூட் எது ரத்தம் என்று தெரியாதா. பச்சைத் தண்ணீரில்தான் ஊறவைத்தேன். வெந்நீர் ஊற்றினால் ரத்தக்கறை பிடித்துக்கொள்ளும் என்று கை தானாகவே பச்சைத் தண்ணீர் பிடித்தது. பீட்ரூட் என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது, கை ரத்தம் என்று வேலை பார்த்தது. அத்தையிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன குடுத்த என்று கேட்பார்கள். என்ன கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். பிறகு எல்லாம் அந்தப் பீட்ரூட்டில் வந்து நின்றுவிடும், ஊருக்கே தெரியும், குடல் கழுவுறவ மக பிள்ளைக்குக் கண்டதையும் குடுத்து வயித்தைக் கெடுத்துட்டா. அதை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டு வாளியைக் கல்லுக்குப் பின்னால் தள்ளினேன். ஒரு தாய் செய்கிற காரியமா இது. செய்துவிட்டேன். இப்போது மணி பத்து. ஆறுக்கும் பத்துக்கும் நடுவில் நாலு மணி நேரம்.

வாயை மூடிக்கொள்வது எனக்கு எங்கே ஆரம்பித்தது என்று தெரியும். ஆறாம் வகுப்பில் ஒரு படம் மாட்டியிருந்தது. ஒரு பையன் நிற்பான், தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருப்பான், முகத்தில் சிரிப்பு, ஆனால் கழுத்துக்குக் கீழே தோல் இருக்காது. உள்ளே இருப்பதெல்லாம் கலர் கலராகத் தெரியும். தொண்டையிலிருந்து ஒரு குழாய் இறங்கி இடது பக்கம் ஒரு பையில் விழும், அது இரைப்பை. வலது பக்கம் விலாவுக்குக் கீழே கருஞ்சிவப்பில் ஈரல், அதற்கு அடியில் பச்சையாக ஒரு சின்னப் பை, இரைப்பையிலிருந்து சிறுகுடல் சுருண்டு சுருண்டு தொப்புளைச் சுற்றிக் கிடக்கும், அதைச் சட்டம் போட்ட மாதிரி பெருங்குடல் வலது தொடைப்பக்கத்திலிருந்து மேலே ஏறி, குறுக்கே போய், இடது பக்கம் இறங்கும். சிறுகுடல் போய்ப் பெருங்குடலில் சேருகிற இடம் வலது பக்கம் கீழே. டீச்சர் குச்சியை வைத்துக் கேட்டபோது யாருக்கும் தெரியவில்லை, எனக்கு எல்லாம் தெரிந்தது. ஆட்டுக்கு இரைப்பை நாலு, ஒன்று துண்டு மாதிரி சொரசொரவென்று இருக்கும், ஒன்று தேன்கூடு மாதிரி, ஒன்று புத்தகம் மாதிரி ஏடு ஏடாக, மனுசனுக்கு ஒன்றுதான், அந்த ஒரு வித்தியாசம்தான், மற்றபடி இது நான் தினமும் கையில் பிடிக்கிறதுதானே. எழுந்து நின்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். இது மண்ணீரல், கடையில சுவரொட்டின்னு சொல்வோம் டீச்சர், ரத்தம் ஊறும், சுட்டுத் தின்பாங்க. வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டார், கெட்ட எண்ணத்தில் இல்லை, அடக்க முடியாமல் சிரித்தார். “அப்ப இந்தப் பையன என்ன விலைக்குக் குடுப்ப மாரீஸ்வரி?” அன்றிலிருந்து என் பெயர் சுவரொட்டி. ஏழாம் வகுப்பு பாதியில் நின்றுவிட்டேன். அம்மா கேட்டதற்குப் படிப்பு வரவில்லை என்றேன். அப்புறம் எனக்குத் தெரிந்தது எதுவாக இருந்தாலும் நாக்குக்கு அடியில் போட்டு வைத்துக்கொள்வது பழக்கமாகிவிட்டது. மிதுனாவை வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, நடுவில் ஒரு பச்சைத் துணி கட்டிவிட்டார்கள், எனக்கு வலி இல்லை, ஆனால் உள்ளே கை போவது தெரிந்தது. ஒரு கை உள்ளே நுழைந்து எதையோ ஒதுக்கியது, சட்டிக்குள் ஒதுக்குகிற மாதிரி. குடலைத்தான் ஒதுக்குகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. மழை வருமா என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கு எல்லாவற்றையும் அதே மடிப்பில் திரும்ப வையுங்கள் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது, ஒரே பயம், மடிப்பு மாறிவிடக்கூடாது என்று. சொல்லவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் போனது. வலிக்கிதாம்மா என்று ஒருத்தர் கேட்டார். இல்ல என்றேன்.

இந்த இடத்தில் குடல் சிக்குகிறது. கம்பி போகமாட்டேன் என்கிறது. சில குடல் புரட்டும்போது இப்படித்தான், ஒரு பாகம் இன்னொரு பாகத்துக்குள் நுழைந்துகொள்ளும், தன்னைத்தானே விழுங்கிக்கொண்ட மாதிரி, அந்த இடம் மட்டும் தடித்துப்போய், விரலால் பிடித்தால் மூன்று தோல் இருப்பது தெரியும். தெரிகிறது. மூன்று தோல். இதைத்தான் நான் காலையில் தொட்டேன். இல்லை. ஆமாம், இதைத்தான். அழுகைக்கும் அழுகைக்கும் நடுவில் அவள் என் மடியில் கண் சொருகிக் கிடந்தபோது வயிற்றில் கை வைத்தேன், தடவ இல்லை, சும்மா வைத்தேன், குளிர்ந்த கைதான், அவள் உடம்பு இலேசாகச் சுட்டது. வலது விலாவுக்குக் கீழே, ஈரல் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு புடலம்பிஞ்சு மாதிரி ஒன்று இருந்தது. என் சுண்டுவிரல் நீளம், அதைவிடப் பருமன். கொஞ்சம் நகர்ந்தது. அதற்கு நேர் கீழே, வலது தொடைக்கு மேலே, சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற அந்த இடம், அங்கே ஒன்றுமே இல்லை. குழியாக இருந்தது. அங்கே இருக்க வேண்டியது மேலே போயிருக்கிறது. அத்தை குடல் ஏறிக்கொண்டது என்கிறார்கள், ஏறவில்லை, நுழைந்திருக்கிறது, கீழிருந்து மேலே ஒன்றுக்குள் ஒன்று. அதை மேலிருந்து கீழே அழுத்தி வழித்தால் என்ன ஆகும். ரத்தம் கட்டி ஊதிப்போன குடல். பார், இந்த ஆட்டுக்குடலே, செத்த குடலே, லேசாக அழுத்தினால் தோல் வெடிக்கிறது. இதைக் கையில் வைத்துக்கொண்டு நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். பின்னாலிருந்து விரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகிறேன், பல் விளக்குகிற பசையை வெளியே தள்ளுவது மாதிரி, வருகிறது, வருகிறது, வந்துவிட்டது. வெளியே இருந்தால் வரும். உள்ளே இருப்பதை யார் தள்ளுவது. ஆஸ்பத்திரியில் தள்ளுவார்களாக இருக்கும், எப்படியோ, அவர்களுக்கு வழி இருக்கும், அந்தக் கை நுழைந்து ஒதுக்குகிற கை. நேற்று ராத்திரி என் வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்து போன் பண்ணினார், மில்லில் சாப்பாட்டு நேரம், பின்னால் மெசின் சத்தம். அத்தைதான் எடுத்தார்கள். “ஒண்ணுமில்லய்யா சோலை, பிள்ளைக்குச் சும்மா குடலேத்தம், தடவியாச்சு, நீ வேலையப் பாரு.” பிறகு போனை என்னிடம் நீட்டினார்கள். பக்கத்திலேயே நின்றார்கள். என்ன மாரீசு, எப்படி இருக்கா என்றார். அவருக்கு என்ன சொல்வது. நேற்று ராத்திரி எனக்குத் துணியும் தெரியாது, புடலம்பிஞ்சும் தெரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்பது தெரியும், அது என் மார் வரைக்கும் வந்து நின்றது. ஒண்ணுமில்ல என்றேன். நல்லாத்தான் இருக்கா என்றேன். அவர் சரி வைக்கிறேன் என்றார். ஒண்ணுமில்ல என்கிற சொல்லை என் வாய் எவ்வளவு சுளுவாகச் சொல்கிறது.

வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம். வெள்ளத்தாயி பெரியம்மா வந்துவிட்டார்கள். நடுக்கதவு திறந்துதான் கிடக்கிறது, பேசுவது எல்லாம் குழாயடிக்கு வருகிறது. “என்ன மைனி, தெருமுக்கு வரைக்கும் வாசம் வருது, குடலா?” “அவுகளுக்கு வயித்துப்புண்ணுல்ல, ரெண்டு வாரமாச் சோறே எறங்க மாட்டேங்குது. இருந்து ஒருவாய் சாப்பிட்டுப் போ.” “எனக்கு இருக்கிறது ரெண்டு பல்லு. நான் குடல மென்னு முடிக்கிறதுக்குள்ள பொங்கல் வந்துரும்.” அத்தை சிரிக்கிறார்கள். “மருமக எங்க?” “பின்னால கழுவிக்கிட்டிருக்கா. அந்த ஒரு வேலையில அவள அடிச்சுக்க ஆள் கெடையாது.” “இப்பவாச்சும் வாயத் தொறந்து பேசுறாளா? கல்யாணத்தன்னைக்கு நான் ஊமப்பிள்ளையக் கட்டிட்டு வந்துட்டீகளோன்னு நெனச்சேன்.” “அது கொழுக்கட்டைய வாயில வச்சுக்கிட்டே பெறந்தது.” சிரிப்பு. பிறகு எண்ணெய்க் கிண்ணம் தரையில் வைக்கப்படுகிறது. பிள்ளையை மடிக்கு மாற்றுகிறார்கள், முனகுகிறாள். “என்ன மைனி, வயிறு நேத்துக்கு இன்னைக்கு உப்பியிருக்கு.” “காத்தா இருக்கும்.” “காத்துத்தான். நேத்து கொஞ்சம் இளங்கையாத் தடவிட்டேன். இன்னைக்கு அழுத்தித்தான் வழிக்கணும். அழுவா, நீங்க எளக்கம் காட்டாம காலைப் பிடிங்க.” எழுந்திரு. எழுந்திரு என்று எனக்குள்ளே யாரோ சொல்கிறார்கள், கால் எழவில்லை, குத்தவைத்து மரத்துப்போன கால் இது, இல்லை, கால் சரியாகத்தான் இருக்கிறது. போய் என்ன சொல்வேன். பெரியம்மா, தடவாதீங்க என்றால் ஏன் என்பார்கள். உள்ளே ஒன்றுக்குள் ஒன்று போயிருக்கிறது என்றால் உனக்கெப்படித் தெரியும் என்பார்கள். எனக்கெப்படித் தெரியும். எங்கள் வீட்டில் குடல் கழுவுவோம், அதனால் தெரியும். என் பிள்ளையை ஆட்டோடு சேர்த்தா சொல்கிறாய் என்பார்கள் அத்தை. சேர்த்துத்தான் சொல்கிறேன். அப்பா வேலை பார்த்த கடைக்காரர் வீட்டில் ஒரு குட்டி இருந்தது, வெள்ளையில் கருப்பு மச்சம், பால்குடி மறக்காத குட்டி, ஒரு நாள் படுப்பதும் எழுவதும் கத்துவதுமாக இருந்தது. கத்தும், அடங்கும், கத்தும். கடைக்காரர் வீட்டம்மா மூங்கில் குழாயில் விளக்கெண்ணெய் புகட்டினார்கள், வயிற்றைத் தடவினார்கள். எனக்குப் பத்து வயது, நான் தழை கொண்டுபோய் வாயில் வைத்தேன், மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக்கொண்டது, இப்போது இவள் மாரைத் திருப்புகிறாளே அப்படி. வேண்டாம், இதை நினைக்கவே கூடாது என்று காலையிலிருந்து தள்ளித் தள்ளி வைத்தேன், வந்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் அது செத்துப்போனது. புதைப்பதற்கு முன்னால் அப்பா கத்தியை எடுத்து வயிற்றைத் திறந்து பார்த்தார், ஏன் செத்தது என்று தெரிந்துகொள்ள. ஒரு சாண் நீளத்துக்குக் குடல் குடலுக்குள் போயிருந்தது, கத்தரிக்காய் நிறத்தில், கருத்து, நாற்றமெடுத்து. அப்பா கத்தி நுனியால் அதைக் காட்டினார். “உள்ளுக்குள்ளயே போயிருக்கு பாரு. தெரிஞ்சிருந்தா மட்டும் நம்ம என்ன பண்ணியிருக்கப் போறோம்.” ஆட்டுக்கு ஒன்றும் பண்ணியிருக்க முடியாது. ஆட்டுக்கு.

அழுகிறாள். இது வேறு அழுகை. நேற்றுவரைக்கும் இப்படி ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்ததில்லை, தொண்டையிலிருந்து இல்லை, அடிவயிற்றிலிருந்து. என் கையிலிருந்து குடல் நழுவிச் சட்டிக்குள் விழுந்து முட்டியில் வெந்நீர் தெறிக்கிறது, சுடுவது கொஞ்சம் கழித்துத்தான் தெரிகிறது. மார் இரண்டும் கல்லாக இறுகுகிறது. பிடிங்க மைனி, பிடிங்க என்கிறார்கள் பெரியம்மா. அந்தக் கை விலாவிலிருந்து இறங்குகிறது, எனக்குத் தெரிகிறது, ஈரலைத் தாண்டுகிறது, அந்தப் பிஞ்சின்மேல் ஏறுகிறது. மாரியாத்தா. மறுபடியும் மேலே போகிறது. மறுபடியும் இறங்குகிறது. நான் சட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சொல் வேண்டும், முதல் சொல் ஒன்று கிடைத்துவிட்டால் மற்றது வந்துவிடும், அத்தை என்பது முதல் சொல், அது எல்லா நாளும் சொல்கிற சொல்தானே, அத்தை தண்ணி வேணுமா, அத்தை சோறு வடிச்சாச்சு, அது வரும், அதற்கு அடுத்ததுதான் வராது. பக்கத்து வீட்டு வாசலில் ஆட்டோ நிற்கிறதா, நிற்கிறது, காலையில் துடைத்துக்கொண்டிருந்தார், ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு மேல்தான் எடுப்பார். பெரியாஸ்பத்திரி போக இருபது நிமிசம். பீட்ரூட் என்று கேட்டால் பீட்ரூட் கொடுத்தேன் என்று சொல்லிவிடலாம், திட்டட்டும், அடிக்கட்டும், எங்கள் அம்மாவை இழுத்துப் பேசட்டும், ஊர் முழுக்கச் சுவரொட்டி என்று கூப்பிடட்டும். அழுகை குறைகிறது. குறைகிறது, முனகலாகிறது, இரண்டு விக்கல், பிறகு இல்லை. ஒன்றுமே இல்லை. குழாயில் சொட்டு விழுவது கேட்கிறது. “பாத்தீகளா,” என்கிறார்கள் பெரியம்மா, மூச்சு வாங்குகிறது, “எறங்கிருச்சு மைனி. அடங்கிட்டா பாருங்க. கையக் காலப் போட்டு எப்படிக் கெடக்கா பாருங்க.” “எங்காத்தா, உனக்குக் கோடிப் புண்ணியம்,” என்கிறார்கள் அத்தை, அந்தக் குரலில் அழுகை இருக்கிறது, பாவம், அவர்களும் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கும் பேத்திதான். நான் அடுத்த அழுகைக்காகக் காத்திருக்கிறேன். அழு. மிதுனா, அழு. இதுவரைக்கும் அழாத நேரத்துக்காகக் காத்திருந்தேன், இப்போது அழச் சொல்லிக் காத்திருக்கிறேன். அந்தக் குட்டியும் மறுநாள் விடிந்ததும் கத்துவதை நிறுத்தியது. எழுந்து நாலு காலில் நின்றுகூடப் பார்த்தது, கடைக்காரர் வீட்டம்மா சரியாப் போச்சு என்று எல்லாரிடமும் சொன்னார்கள், அப்பா சந்தோசமாக ஒரு பீடி பற்றவைத்தார். வலி நின்றதற்குக் காரணம் சரியானது இல்லை, அந்த இடம் செத்துப்போனது, செத்த இடம் வலிக்காது, அது ஒரு புத்தகத்திலும் நான் படிக்கவில்லை, கத்தரிக்காய் நிறத்தில் கையால் தொட்டுப் பார்த்தது. ஒரு பகல் இருந்தது அந்தக் குட்டிக்கு, கத்துவதை நிறுத்தினதிலிருந்து பொழுது சாய்கிறவரைக்கும். ஒரு பகல் இருந்தும் யாரும் எங்கேயும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை, எல்லாரும் சந்தோசமாக இருந்தார்கள். “ஏ மாரீசு, கையக் கழுவிட்டு வா, பிள்ளைய வாங்கிப் படுக்கப் போடு,” என்று அத்தை கூப்பிடுகிறார்கள், நான் எழுந்துவிட்டேன், கை கழுவவில்லை, நடுக்கதவைத் தாண்டிவிட்டேன், பெரியம்மா என் கையைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும், பிள்ளையை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன், துணிப்பொம்மை மாதிரி தலை என் தோளில் விழுகிறது, சூடு இருக்கிறது, மூச்சு இருக்கிறது, என் வாய் திறந்திருக்கிறது, அதிலிருந்து வருகிறது, இவ்வளவு சத்தமாகவா வரும் என்று எனக்கே தெரியாது, “அத்தை, பக்கத்து வீட்டு ஆட்டோவக் கூப்பிடுங்க, இது எறங்கல, இவளுக்குக் குடல் உள்ளுக்குள்ளயே போயிருக்கு.”